இரண்டாவது ஃபேடரைத் தள்ளினால் ஆர்மோனியம் நடுங்குகிறது

உப்புவெளி_டீச்சர்:

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். வீட்டுப் பின்னறையில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குப் பண்ணிசை சொல்லிக் கொடுக்கிறேன். இந்த வருடம் ஐந்து பிள்ளைகள் பாடுவதை ஒழுங்காகப் பதிவு செய்து, நவராத்திரிக்கு முதல் அவரவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசை.

பிள்ளைகளின் குரல் ஒரே மட்டத்தில் நிற்காது. ஏழு வயதுக்காரி ஒருத்தி வரியைப் பலமாகத் தொடங்குவாள், கடைசிச் சொல்லை மூச்சுக்குள்ளேயே விழுங்கிவிடுவாள். எனக்கு அந்தக் கடைசிச் சொல்தான் கேட்க வேண்டும். மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்து ஒலியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். கோடு கீறிய மாதிரி இருக்கிறது, பாட்டோடு சேர்ந்து போகவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே விரலால் தள்ளினால்தான் அது வரும். அதற்காகத்தான் கொழும்பில் ஒருவர் பாவித்த கோர்க் நனோகொன்ட்ரோல் 2 என்ற கொன்ட்ரோலர் ஒன்றை 18,000 ரூபாவுக்கு வாங்கி, பஸ்ஸில் அனுப்பச் சொல்லி எடுத்தேன். எட்டு ஃபேடர் (மேலும் கீழும் தள்ளும் கட்டைகள்), எட்டு நொப் (திருகும் குமிழ்கள்), ஒவ்வொரு ஃபேடருக்கும் பக்கத்தில் எஸ், எம், ஆர் என்று மூன்று பட்டன்கள்.

லப்டொப்பில் விண்டோஸ் 10, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். ஆர்மோனியத்தையும் தம்புராவையும் ஒரு சிறிய யூ.எஸ்.பி. கீபோர்ட்டில் வாசிக்கிறேன், சத்தம் லப்டொப்பில் இருக்கும் ப்ளக்இன் என்ற துணை மென்பொருளில் இருந்து வருகிறது. கொன்ட்ரோலரை இணைத்த நாளில் இருந்து நடப்பது இதுதான்.

முதலாவது ஃபேடரைத் தள்ளினால் ஒன்றும் இல்லை. இரண்டாவதைத் தள்ளினால் ஆர்மோனியம் நடுங்குகிறது, வயதானவர் குரல் போல. எட்டாவதைக் கீழே இறக்கினால் ஆர்மோனியச் சத்தம் அப்படியே அடங்கிப்போகிறது, ஆனால் திரையில் அந்த ட்ராக்கின் ஃபேடர் அசைவதே இல்லை. இதை எல்லாம் விட மோசம் முதல் வரிசை ஆர் பட்டன். அதை அமத்தினால் சிவப்பு வெளிச்சம் நிற்கிறது, அதற்குப் பிறகு நான் வாசிக்கும் சுரம் எதுவும் நிற்பதில்லை. ஸ வாசித்து விரலை எடுத்து ப வாசித்தால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கின்றன. போன சனிக்கிழமை ஒரு பிள்ளை நல்லாகப் பாடிக்கொண்டு போகும்போது என் முழங்கை அந்தப் பட்டனில் பட்டு, முழுப் பதிவும் குழம்பிவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், தான் பிழை விட்டுவிட்டதாக நினைத்து.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் 200 யார் தூரம் கூட இல்லை. கதவுப் பிணைச்சல் ஒரு வருடத்தில் துருப்பிடிக்கிற இடம். அதனால் உள்ளே உப்புக்காற்று போய்விட்டதோ என்று பயம். மெல்லிய தூரிகையால் துடைத்தேன், கேபிளை மாற்றினேன், மாற்றம் இல்லை. கழற்றித் துப்புரவாக்க வேண்டுமா, அல்லது செட்டிங்கில் ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா_கீபோர்ட்:

டீச்சர், தயவுசெய்து கழற்ற வேண்டாம். அந்த ஃபேடர்கள் சின்னவை, ஒருமுறை வளைந்தால் பிறகு சரிவராது.

முதலில் அது என்ன அனுப்புகிறது என்று பாருங்கள். ஆர்மோனிய ட்ராக்கில் ரியாகொன்ட்ரோல்மிடி என்ற ப்ளக்இன்னைப் போடுங்கள், ரீப்பரோடு வருவதுதான். அதில் ஷோ லொக் என்று ஒரு பட்டன் இருக்கும். அமத்திவிட்டு ஒவ்வொரு ஃபேடராக மெதுவாகத் தள்ளுங்கள். வரும் எண்களை இங்கே எழுதுங்கள்.

இன்னொன்று, எதையும் தொடாமல் இரண்டு நிமிடம் அந்த லொக்கைப் பார்த்துக்கொண்டிருங்கள். உப்போ தூசியோ போயிருந்தால் கை வைக்காமலே 63, 64, 63 என்று எண் துள்ளிக்கொண்டிருக்கும். என்னுடைய பழைய கீபோர்ட்டில் அப்படித்தான் வந்தது.

உப்புவெளி_டீச்சர்:

நன்றி தம்பி. பார்த்தேன். தொடாமல் இருந்தால் ஒன்றும் வரவில்லை, அமைதியாக இருக்கிறது. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

ஃபேடர்களைத் தள்ளும்போது எல்லாம் சனல் 1 என்றுதான் காட்டுகிறது. முதலாவது ஃபேடர் சிசி (கொன்ட்ரோல் எண்) 0, இரண்டாவது சிசி 1, அப்படியே போய் எட்டாவது சிசி 7. நொப்கள் 16 முதல் 23 வரை. முதல் வரிசை ஆர் பட்டன் சிசி 64. ஒருமுறை அமத்தினால் 127, திரும்ப அமத்தினால் 0. விரலை எடுக்கும்போது ஒன்றும் வருவதில்லை.

உவர்மலை_ஒலி:

டீச்சர், சாமான் நல்ல நிலையில் இருக்கிறது. நீங்கள் எழுதிய எண்களே முழுக் கதையையும் சொல்லிவிட்டன. நான் உவர்மலையில் இருந்துகொண்டு கோயில் திருவிழாக்களுக்கு ஒலி அமைப்பு செய்கிறவன், மழைக்காலத்தில் வீட்டில் மிக்ஸிங். இதே சிக்கலில் நானும் ஒரு கிழமை கிடந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபேடருக்கு ஒலி என்றால் என்ன என்று தெரியாது. அதைத் தள்ளும்போது போவது மூன்று சின்ன எண்கள்: எந்த சனல், எந்தக் கொன்ட்ரோல், எவ்வளவு. எவ்வளவு என்பது 0 முதல் 127 வரை. கருவிகள் தங்களுக்குள் பேசும் மொழியான மிடி 1983-இல் வந்த காலத்தில் இருந்து சில கொன்ட்ரோல் எண்களுக்கு நிலையான அர்த்தம் இருக்கிறது. சிசி 1 என்றால் மொடியூலேஷன் வீல், பெரும்பாலான கருவிகள் அதற்கு நடுக்கம் கொடுக்கும். சிசி 7 என்றால் வொல்யூம். சிசி 64 என்றால் பியானோவின் சஸ்டெய்ன் பெடல், 64-ஓ அதற்கு மேலோ வந்தால் மிதித்துப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சிசி 0 பாங்க் செலக்ட் (ஒலித் தொகுதியைத் தெரிவு செய்வது), அதற்குப் பின்னால் புரோகிராம் மாற்றும் கட்டளை ஒன்று வந்தால்தான் வேலை செய்யும். முதலாவது ஃபேடர் பேசாமல் இருப்பது அதனால்தான்.

உங்கள் கொன்ட்ரோலர் ஃபேடர்களை 0 முதல் எண்ணிக்கொண்டு போகிறது. ஆக, இரண்டாவது ஃபேடர் 1 என்கிறது, ஆர்மோனியம் யாரோ மொடியூலேஷன் வீலைத் திருப்புகிறார்கள் என்று நினைத்து நடுங்குகிறது. எட்டாவது 7 என்கிறது, கருவி தன் சொந்த வொல்யூமைக் குறைக்கிறது. அது ப்ளக்இன்னுக்குள் நடக்கிற குறைப்பு, அதனால்தான் ட்ராக்கின் ஃபேடர் அசையவில்லை. முழங்கை பட்டபோது நீங்கள் பெடலை மிதித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். அந்தப் பிள்ளையிடம் அவள் பிழை விடவில்லை என்று கட்டாயம் சொல்லுங்கள்.

இப்போது கேள்வி, ஒலியைக் கூட்டிக் குறைக்க வாங்கிய சாமான் ஏன் ஆர்மோனியத்துக்குள் போகிறது? ரீப்பருக்குள் மிடி வர இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று வாசிக்கிறவர்களுக்கு: கீபோர்ட்டில் இருந்து வருவது பதிவுக்குத் தயாராக இருக்கும் ட்ராக்குக்குப் போகும். மற்றது கொன்ட்ரோலுக்கு: அந்த வழியாக வருவது எந்த ட்ராக்குக்கும் போகாது, நீங்கள் கற்றுக்கொடுத்த இடத்துக்கு மட்டும் போகும். உங்கள் கொன்ட்ரோலருக்கு வாசிக்கிற வாசல் திறந்து கிடக்கிறது. அதை மூட வேண்டும்.

ப்ரிஃபரன்ஸஸில் மிடி இன்புட்ஸ் பக்கத்துக்குப் போங்கள், பழைய பதிப்பு என்றால் மிடி டிவைசஸ் என்று இருக்கும். நனோகொன்ட்ரோல் வரியில் வலது கிளிக் செய்யுங்கள். எனேபிள் இன்புட் என்பதை எடுத்துவிடுங்கள். எனேபிள் இன்புட் ஃபோர் கொன்ட்ரோல் மெசேஜஸ் என்பதை மட்டும் வையுங்கள். உங்கள் கீபோர்ட்டுக்கு முதலாவது அப்படியே இருக்கட்டும். பிறகு ஆர்மோனிய ட்ராக்கின் இன்புட்டைப் பாருங்கள். ஓல் மிடி இன்புட்ஸ் என்று இருந்தால் அதை மாற்றி, கீபோர்ட்டின் பெயரையே தெரிவு செய்யுங்கள். நாளைக்கு வேறு ஏதாவது இணைத்தாலும் அது ஆர்மோனியத்துக்குள் போகாது.

இதைச் செய்த பிறகு தம்பி சொன்ன அதே லொக்கைத் திறந்து ஃபேடரைத் தள்ளுங்கள். ஒன்றுமே வரக்கூடாது. வெறுமையாக இருந்தால் சரி.

அடுத்தது பட்டன். ஒருமுறை அமத்தினால் 127, திரும்ப அமத்தினால் 0 என்றால் முன்பு வைத்திருந்தவர் அதை டொகிள் என்று மாற்றியிருக்கிறார். கோர்க் தரும் கொன்ட்ரோல் எடிட்டர் என்ற இலவச மென்பொருளில் அதை மொமென்டரி ஆக்குங்கள், அமத்தும்போது 127, விடும்போது 0. மியூட், சோலோ போன்றவற்றை மாறி மாறி வைக்கும் வேலையை ரீப்பரே செய்யும். இரண்டு பக்கமும் டொகிள் இருந்தால் இரண்டு தரம் அமத்தினால்தான் ஒருமுறை வேலை செய்யும். எடிட்டரில் இருக்கும்போதே ஃபேடர் எண்களை 24 முதல் 31 வரைக்கும், ஆர் பட்டன்களை 102 முதல் 109 வரைக்கும் மாற்றிவிடுங்கள். அந்த எண்களுக்கு மிடியில் நிலையான அர்த்தம் எதுவும் கொடுக்கப்படவில்லை. பிறகு எப்போதாவது வாசல் தவறித் திறந்தாலும் பெடல் மிதிபடாது.

மக்கி கொன்ட்ரோல் என்ற வேறொரு முறைக்கு மாற்றச் சொல்லி யாராவது சொல்லக்கூடும். மோட்டாரால் தானாக அசையும் ஃபேடர்களுக்கு அது அருமையான முறை. அதில் ஒவ்வொரு ஃபேடரும் ஒரு சனலில் பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும் கட்டளை) ஆகப் போகும், 128 படிக்குப் பதில் 16,384 படி வரை இருக்கலாம். ஆனால் உங்களுடையதில் மோட்டார் இல்லை. திரையில் ஃபேடர் ஓரிடத்தில், கையில் உள்ளது வேறோரிடத்தில் என்றால், தொட்டவுடன் ஒலி பாய்ந்துவிடும். அத்தோடு வாசல் மூடாமல் அந்த முறைக்குப் போனால் நடுக்கம் போய்ச் சுருதியே விலகும். ஃபேடர் தானாக நடுவுக்குத் திரும்பாது என்பதால் விலகினது விலகினபடியே நிற்கும். பண்ணிசைக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை. உங்கள் தேவைக்கு ஒவ்வொரு ஃபேடராகக் கற்றுக்கொடுக்கும் வழிதான் பொருத்தம்.

அதற்கு நான் செய்வது இது. பிள்ளையின் குரல் ட்ராக்கில் ஒலியை மட்டும் கூட்டிக் குறைக்கும் சின்ன ப்ளக்இன் ஒன்றைப் போடுவேன். அதன் அளவை மவுஸால் ஒருமுறை அசைத்துவிட்டு, மேலே பராம் என்ற இடத்தில் லேர்ன் தெரிவு செய்து, ஃபேடரைத் தள்ளினால் எண் பதிந்துவிடும். அதே பெட்டியில் சொஃப்ட் டேக்ஓவர் என்பதைக் கட்டாயம் வையுங்கள். வைத்தால், கையில் உள்ள ஃபேடர் திரையில் உள்ள அளவைக் கடந்து போகும் வரைக்கும் ஒன்றும் அசையாது, கடந்த பிறகு பிடித்துக்கொள்ளும். பாய்ச்சல் இல்லை. ட்ராக்கின் சொந்த ஃபேடரைத் தொடாமல் விட்டால் கடைசியில் ஐந்து பிள்ளைகளையும் ஆர்மோனியத்தோடு சமப்படுத்த அது மிஞ்சும்.

ப்ளக்இன்னைத் தெரிவு செய்யும்போது அதன் வீச்சை, அதாவது ஆகக் குறைந்த ஒலிக்கும் ஆகக் கூடிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 128 படிதான் உங்களிடம் இருக்கிறது. வீச்சு 120 டெசிபெல் என்றால் ஒரு படி கிட்டத்தட்ட ஒரு டெசிபெல். பிள்ளை மெதுவாக மூச்சை விடும் இடத்தில் அது படிக்கட்டு மாதிரிக் கேட்கும். 24 டெசிபெல் வீச்சு உள்ளது என்றால் ஒரு படி 0.2-க்கும் குறைவு, காதுக்குத் தெரியாது.

ஓட்டோமேஷனை, அதாவது ஃபேடரின் அசைவை எழுதிவைக்கும் வசதியை, லட்ச் என்ற நிலையில் வையுங்கள், அசைத்ததில் இருந்து நிறுத்தும் வரை எழுதும். தொட்டிருக்கும் வரை மட்டும் எழுதும் டச் வேண்டாம், இந்த ஃபேடருக்கு விரல் தொட்டிருக்கிறதா இல்லையா என்று தெரியாது. எழுதி முடிந்தவுடன், எழுதினதை வாசிக்க மட்டும் செய்யும் ரீட் நிலைக்கு மாற்ற மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த முறை ஓடவிட்டு ஃபேடரில் கை படும்போது அங்கிருந்து எழுதினதெல்லாம் அழிந்து புதிதாக எழுதப்படும். எனக்கு அப்படி ஒரு முழு இரவு வேலை போனது.

கிண்ணியா_கீபோர்ட்:

அண்ணா, எடிட்டரில் ஃபேடருக்கு லோவர் வேல்யூ, அப்பர் வேல்யூ என்று இருக்கிறதே. அதை 80 முதல் 110 வரை என்று வைத்தால் வீச்சு குறைந்துவிடும்தானே? ப்ளக்இன் தேடத் தேவையில்லை.

உவர்மலை_ஒலி:

கைக்கு வசதியாக இருக்கும் தம்பி, ஆனால் நுட்பம் அதிகரிக்காது. 80 முதல் 110 வரை என்றால் மொத்தம் 31 எண்கள்தான் போகும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒலி மாறும் அளவு முன்பு இருந்ததுதான். ஃபேடரை அதிக தூரம் தள்ள வேண்டி வரும், படியின் உயரம் குறையாது. படியைச் சின்னதாக்க வேண்டும் என்றால் மறுபக்கத்தில், ப்ளக்இன்னில்தான் குறைக்க வேண்டும். ஆனால் ஃபேடர் அடிவரைக்கும் போய்க் குரல் முற்றாக அடங்கிவிடாமல் காக்க நீங்கள் சொல்வது நல்ல வழி. லோவர் வேல்யூவை மட்டும் 30 என்று வைக்கலாம்.

உப்புவெளி_டீச்சர்:

இரண்டு பேருக்கும் நன்றி. நேற்றிரவு இருந்து செய்தேன்.

வாசல் மூடியது. லொக் வெறுமையாக இருக்கிறது. இரண்டாவது ஃபேடரை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன், ஆர்மோனியம் அசையவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை.

ஆனால் இரண்டு இடத்தில் நிற்கிறேன். கொன்ட்ரோல் எடிட்டரைத் திறந்தால் சாதனம் இணைக்கப்படவில்லை என்கிறது. ஆனால் ரீப்பருக்குத் தெரிகிறது. இரண்டாவது, போன சனிக்கிழமை பதிவு செய்த ஆர்மோனியத்தை ஓடவிட்டால் இப்போதும் நடுங்குகிறது, கொன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு ஓடவிட்டாலும் கூட.

உவர்மலை_ஒலி:

முதலாவது சுலபம். விண்டோஸில் பெரும்பாலும் ஒரு மிடி போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ளலாம். ரீப்பர் பிடித்திருக்கிறது. அதை முற்றாக மூடிவிட்டு எடிட்டரைத் திறங்கள். மாற்றங்கள் செய்த பிறகு சேவ் மட்டும் செய்தால் கோப்பு லப்டொப்பில் இருக்கும், சாதனத்துக்குள் போகாது. கொம்யூனிகேஷன் மெனுவில் ரைட் சீன் டேட்டா கொடுத்தால்தான் உள்ளே எழுதப்படும். அந்த நேரத்தில் கேபிளை அசைக்காதீர்கள்.

இரண்டாவது, அந்த நடுக்கம் உங்கள் வாசிப்போடு சேர்ந்து பதிவாகிவிட்டது. அந்தப் பதிவின் மேல் இரண்டு தரம் கிளிக் செய்து மிடி எடிட்டரைத் திறங்கள். கீழே கொன்ட்ரோல் வரிசையைத் தெரிவு செய்யும் பட்டியலில், ஏதாவது பதிவாகியிருக்கும் எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். 01, 07, 64 மூன்றையும் ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அழியுங்கள். சுரங்கள் மேலே தனியாக இருக்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. 64-ஐ அழித்தவுடன் ஒட்டிக்கொண்டு ஒலித்த ஸ-வும் ப-வும் பிரிந்துவிடும். அந்தப் பதிவு உங்களிடம் இருக்கிறது டீச்சர், அவளைத் திரும்பப் பாடச் சொல்லத் தேவையில்லை.

கிண்ணியா_கீபோர்ட்:

அழிக்க முதல் ஒரு பிரதி எடுத்து வையுங்கள் டீச்சர். வேலை முடிந்ததும் கொன்ட்ரோலரை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு உள்ளே போட்டால் நல்லது. உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் காற்று ஒன்றுதான்.

உப்புவெளி_டீச்சர்:

எல்லாம் சரி. ரீப்பரை மூடியவுடன் எடிட்டர் சாதனத்தைக் கண்டுகொண்டது. எண்களை மாற்றி, பட்டனை மொமென்டரி ஆக்கி, உள்ளே எழுதினேன். இப்போது ஆர் பட்டனில் என் முழங்கை எத்தனை தரம் பட்டாலும் பரவாயில்லை.

பழைய பதிவில் 64 வரிசையில் இரண்டே இரண்டு புள்ளிதான் இருந்தது. பட்ட இடத்தில் ஒன்று, பிறகு நான் பதறி அமத்தின இடத்தில் ஒன்று. இவ்வளவு சின்னது அந்த முழுப் பாட்டையும் குழப்பியிருக்கிறது. அழித்துவிட்டு ஓடவிட்டேன். அவள் குரல் அப்படியே இருக்கிறது, ஆர்மோனியம் அவளுக்குப் பின்னால் அடக்கமாக வருகிறது.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு, லட்ச்சில் வைத்து, ஏழு வயதுக்காரியின் பாட்டை எழுதினேன். சொஃப்ட் டேக்ஓவர் முதலில் எனக்கு விளங்கவில்லை. தள்ளத் தள்ள அசையாமல் இருந்தது, திரும்பவும் பழுது என்றே நினைத்தேன். பிறகு மெதுவாக மேலே கொண்டுபோனபோது ஓரிடத்தில் பிடித்துக்கொண்டது விரலுக்கே தெரிந்தது. மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. முதல் இரண்டு முறையும் சொல் முடிந்த பிறகு தள்ளினேன். அவள் மூச்சு எடுக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டு அதற்கு முதலே கையைத் தயாராக வைத்தால், கடைசிச் சொல் மேலே வருகிறது. ரீட் நிலைக்கு மாற்றிவிட்டேன், மறக்கவில்லை.

நாளைக் காலை அவள் வரும்போது முதலில் இதைப் போட்டுக் காட்டப் போகிறேன். மற்ற நாலு பேருக்கும் நாலு ஃபேடர் கற்றுக்கொடுத்துவிட்டேன், ஆறாவது தம்புராவுக்கு.